பூட்டிய பெட்டியும் கோடை எஃப்.எம்.மும்

கொடைக்கானலுக்கு ஏற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் ஏறியது மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து. ஏறினார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. உட்கார்ந்தது அவர்கள், ஏறியது டோலி தூக்கிய நம்மாட்கள். 1899-இல் வானாய்வு நிலையம் ஏறியது, சூரியனை இரண்டு கிலோமீட்டர் கிட்டப்போய்ப் பார்க்க. கடைசியாக ஏறியது அகில இந்திய வானொலி. அதற்குக் குளிரும் வேண்டாம், சூரியனும் வேண்டாம், உயரம் போதும். பண்பலை நேர்கோட்டில் போகிற ஜாதி. குறுக்கே மலை வந்தால் சுற்றிக்கொண்டு போகத் தெரியாது. ஆகவே மலை உச்சியிலேயே கோபுரத்தை நட்டுவிட்டால் மதுரை, தேனி, திண்டுக்கல், கரூர் என்று கீழே கிடக்கிற ஊரெல்லாம் அதன் காலடியில்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன்பே அந்தக் கோபுரத்தின் கோடை எஃப்.எம். 100.5 பாடத் தொடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு, மறு கையால் வால்யூமைக் கூட்டுவார். பக்கத்து சீட் பெரியவர் “யாருய்யா மியூசிக், இளையராஜாதானே?” என்று கேட்டு அவரே தலையாட்டிக்கொள்வார். வானொலியை இந்த நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் நமக்குப் பாடம் நடத்தத்தான் கொண்டுவந்தார்கள் என்று அந்த பஸ்ஸில் சொல்லிப் பாருங்கள். இறக்கி விட்டுவிடுவார்கள்.

ஆனால் உண்மை அதுதான். 1930களில் இந்தியக் கிராமங்களுக்கு வானொலியை அனுப்பிய துரைமார்களுக்கு ஒரு கவலை. பெட்டி கிராமத்தான் கையில் சிக்கினால் குமிழைத் திருகுவான். திருகினால் பாட்டு வரும். பாட்டு வந்தால் எருக்குழி பற்றிய உரையை எவன் கேட்பான்? எனவே ஒரே நிலையத்தை மட்டும் எடுக்கும்படி அமைத்து, பெட்டியைப் பூட்டி, நேரம் வந்தால் தானே பேசி, நேரம் முடிந்தால் தானே வாயை மூடும் கடிகார விசையையும் வைத்தார்கள். சுகாதாரம், மாட்டு நோய், நல்லொழுக்கம் எல்லாம் சாயங்காலம் குறித்த மணிக்கு ஊர் நடுவே கொட்டும். கேட்க ஆள் இருந்ததா என்பதைக் கடிகார விசை பார்க்காது.

இதைவிடப் பெரிதாக ஒருவர் செய்துகாட்டினார், அதுவும் மலையூரில், அதுவும் பாதிரியார். 1947-இல் கொலம்பியா நாட்டின் ஆண்டிஸ் மலையில் சுத்தாத்தென்சா என்ற குக்கிராமத்துக்கு வந்த சல்செதோ என்ற இளம் பாதிரியார், கொட்டகை கட்டக் காசில்லாமல் ஊர்மக்களிடம் கோழி வசூல் செய்தார். அடுத்து ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு, எழுத்து, கணக்கு, விவசாயம் எல்லாவற்றையும் வானொலியில் கற்பிக்கத் தொடங்கினார். கல்வி வானொலிக்கு உலகமே அந்த ஊரை உதாரணம் காட்டியது. அவர் கொடுத்த பெட்டியும் ஒரே ஸ்டேஷன் பெட்டிதான். லண்டன் துரையும் கொலம்பியா சாமியாரும் கலந்து பேசிக்கொள்ளாமலே ஒரே பூட்டை வாங்கியிருக்கிறார்கள்.

நம் பழனி மலையில் மட்டும் சாமியார்களுக்குப் பஞ்சமா? கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் சேசு சபையினர் 1895-இல் கல்லூரியே தொடங்கினார்கள். ஆர்க்கிட் வளர்த்தார்கள், விலங்குகளைப் பாடம் பண்ணி அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள், மலையெங்கும் கிடந்த கல்திட்டைகளைக் கணக்கெடுத்தார்கள். மைக் முன்னால் உட்காரத்தான் எவருக்கும் தோன்றவில்லை. நம் முன்னோர் தப்பித்தார்கள். அல்லது மோசம் போனார்கள். என் ஓட்டு முதல் கட்சிக்கு.

சுதந்திரம் வந்தது, துரை போனார். பாடம் நடத்துகிற ஆசை போகவில்லை. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு கேட்டு நாடு கெட்டுப்போகிறது என்று முடிவுகட்டி, அதை அகில இந்திய வானொலியில் நெரித்தார். ஆர்மோனியத்துக்கு 1940-லேயே தடை போட்ட நிலையம் அது, பழக்கப்பட்ட வேலை. நாடு திருந்தியதா? இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பியது. அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலும், பின்னாளில் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களும் கடல் தாண்டி வந்து நம் டீக்கடைகளில் குடியேறின. பெட்டியில் இப்போது பூட்டில்லை என்பதை அமைச்சருக்கு யாரும் சொல்லவில்லை போலும். 1957-இல் விவித் பாரதி என்ற பெயரில் சினிமாப் பாட்டைச் சிவப்புக் கம்பளம் விரித்து அழைத்துக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு ஒரு தடவை பாடம் பலித்தது, அதை மறைப்பது நியாயமில்லை. 1960களின் நடுவில் திருச்சி நிலையம் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி ஓயாமல் பேசியது. என்ன உரம், எப்போது நடவு, பூச்சி வந்தால் என்ன மருந்து என்று உழவனுக்கு உதவுகிற பேச்சு. தஞ்சை விவசாயி காதைக் கொடுத்தார், குறுவைக்கு அதையே நட்டார், ‘ரேடியோ நெல்’ என்று பெயரும் வைத்தார். விதையை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகவேண்டிய பேர், அதைப் பற்றிப் பேசிய பெட்டிக்குப் போயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

1989-இல் சுத்தாத்தென்சா வானொலி மூடப்பட்டது. ஏறத்தாழ அடுத்த சில வருடங்களில் கொடைக்கானல் கோபுரம் பண்பலையில் பாட ஆரம்பித்தது. அந்த மலை பாடம் நடத்தி ஓய்ந்தது, இந்த மலை நேயர் விருப்பம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுமக்கள் கையில் அதில் ஒரு துண்டு வந்துசேர ஒன்பது வருடம் பிடித்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாக வானொலியைத் தொடங்கியது. அப்புறம் 2006-இல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்றார்கள். ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டர், முப்பது மீட்டர் கம்பம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எல்லை.

நாளைக்கே கொடைக்கானல் மலையின் பூம்பாறையில் அப்படி ஒரு நிலையம் வைத்தால், மலைப்பூண்டுக்கு வேரழுகல் வந்தால் என்ன செய்வது என்று நாள் முழுக்கப் பேசலாம், தடையில்லை. மழை வருமா என்றும் சொல்லலாம். பூண்டு ஏற்றிய லாரியை மறித்து ஊர்க்காரர்கள் ஏன் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் சொல்லக்கூடாது. அது செய்தி, சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது என்பது விதி. பூம்பாறைச் செய்தியை டெல்லி எழுதி அனுப்பும்வரை பூம்பாறை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு பாட்டு கேட்கலாம்.