ராஜா வீட்டுக் கட்டட வேலை

பிரமிடுகளை வேற்றுக்கிரகவாசிகள்தான் கட்டினார்கள் என்று அடித்துச் சொல்பவர்களைப் பிடித்து, கெய்ரோவுக்குத் தெற்கே இருக்கும் தஹ்ஷூருக்கு வண்டியேற்றி விட வேண்டும். அங்கே ஒரு பிரமிடு பாதி உயரத்தில் கூன் விழுந்து நிற்கிறது. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவத் தெரிந்தவனுக்கு ஒரு முக்கோணம் ஒழுங்காகப் போட வராதா? சந்தேகமே வேண்டாம், இது மனுஷன் வேலை.

அந்த மனுஷன் ஸ்னெஃப்ரு. சுமார் கி.மு. 2600-இல் எகிப்தின் நான்காம் வம்சத்தைத் தொடங்கிவைத்த ராஜா. ஆள் ரசிகர். பிற்காலத்துக் கதை ஒன்றில், பொழுது போகாமல் வலையுடை அணிந்த 20 பெண்களைப் படகு வலிக்கச் சொல்லி உட்கார்ந்து பார்க்கிறார். ஒருத்தியின் மீன் பதக்கம் தண்ணீரில் விழ, அரண்மனை மந்திரவாதி ஏரியின் ஒரு பாதியைத் தூக்கி மறுபாதியின் மேல் வைத்து அதை எடுத்துக் கொடுக்கிறார். அப்பேர்ப்பட்ட மந்திரவாதி இருந்தும் கல் சுமக்க மட்டும் ஊர் ஜனங்கள்தான் போகவேண்டியிருந்தது.

முதலில் மெய்தூம். படிப்படியாக ஒரு பிரமிடு எழுப்பியாயிற்று. பிறகு ராஜாவுக்குப் படி பிடிக்கவில்லை, சரிவாக வேண்டுமாம். வழுவழுப்பான பழைய சுவருக்கு வெளியே, மணலை அஸ்திவாரமாக நம்பி, புதுச்சுவர் வைத்தார்கள். அது சரிந்துவிட்டது. என்றைக்குச் சரிந்தது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இப்போது குப்பைமேட்டின் நடுவே ஒரு மொட்டைக் கோபுரம் நிற்கிறது.

அடுத்தது தஹ்ஷூர். சரிவு 54 டிகிரி. அடியில் சரளையும் களிமண்ணும். பாரம் ஏற ஏற, உள்ளறைகள் விரிசல் விட்டன. பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்கும்:

“மகாராஜா, சுவர் விட்டுப்போச்சுங்க.”

“பூசிவிடு.”

“பூசியாச்சுங்க. மறுபடியும் விடுது.”

“முட்டுக்கொடு.”

ஜிப்சம் பூச்சும், உள்ளே முட்டுக்கொடுத்த தேவதாரு உத்தரங்களும் இன்றைக்கும் இருக்கின்றன. ஸ்னெஃப்ரு காலத்தில் 40 கப்பல் மரம் வந்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. கடைசியில் பாரத்தைக் குறைக்க, மேல்பாதியை 43 டிகிரிக்குச் சாய்த்து முடித்தார்கள். கீழே உள்சாய்வாக வைத்த கற்களை மேலே மட்டமாக அடுக்கியதைப் பார்த்தால், வேலை நடக்கும்போதே பாடம் படித்தது தெரிகிறது.

மூன்றாவது, சிவப்புப் பிரமிடு. வம்பே வேண்டாமென்று தொடக்கத்திலிருந்தே 43 டிகிரி. அடிப்பக்கம் 220 மீட்டர், உயரம் சுமார் 105. நின்றது!

இத்தனைக்கும் கையிலிருந்தது செம்பு உளி, கயிறு, மரச்சறுக்கு, தண்ணீர். தண்ணீரைக் குறைத்து எண்ணாதீர்கள். பல நூற்றாண்டு கழித்து வந்த ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், 172 பேர் ஒரு ராட்சதச் சிலையை இழுக்க, ஒருவன் மட்டும் சறுக்கின் முன்முனையில் நின்று தண்ணீர் ஊற்றுகிறான். ஏதோ சடங்கு என்றுதான் பலர் நினைத்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் இயற்பியலாளர்கள் சோதித்தார்கள்: மணலைச் சரியான பதத்தில் நனைத்தால் இழுக்கும் பலம் பாதி போதும். அந்த 172 பேரின் மிச்ச உயிரைக் காப்பாற்றியவன் அந்தக் குடக்காரன்தான்.

அப்பா பட்ட அடியெல்லாம் மகன் கூஃபுவுக்கு இலவசப் பாடம். கீஸாவில் கெட்டிப்பாறையாகப் பார்த்து, கிட்டத்தட்ட 52 டிகிரியில், 146 மீட்டருக்கு ஏற்றிப் பேரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மொத்தக் கணக்கில் மகனைவிட அதிகமாகக் கல் அடுக்கியவர் அப்பாதான். கூட்டமென்னவோ கீஸாவில்தான் அலைமோதுகிறது.

கூனல் பிரமிடுக்குள் போக 2019-இல் பார்வையாளர்களுக்கு வழி திறந்துவிட்டார்கள். குறுகலான சுரங்கப்பாதையில் 79 மீட்டர் குனிந்தே இறங்க வேண்டும். முட்டிவலிக்காரர்கள் வெளியே நின்று கூனை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். பார்க்க வேண்டியதே அதுதான்.