பழைய விமானப் படங்களை இனங்காணும் முறை

பழைய விமானப் படம் ஒன்றை இனங்காண முதலில் செய்ய வேண்டியது, அதன் அடியில் எழுதியிருப்பதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வது. அண்மைச் சான்று, ஒரு கடை இவ்வாண்டு இலவசமாகக் கொடுத்த மாதக் காலண்டர். புல்வெளியில் ஒற்றை இறக்கை விமானம், கீழே இரண்டு சைக்கிள் சக்கரங்கள், அடியில் பொன்னெழுத்தில் ‘ரைட் சகோதரர்களின் முதல் விமானம், 1903’. அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று கிட்டிஹாக் அருகே பறந்ததற்கு இறக்கை இரண்டு அடுக்கு. சக்கரம் கிடையாது, மரத் தண்டவாளத்தின் மேல் ஓடிக் கிளம்பியது. கடையில் இதை எடுத்துச் சொன்னால் கிடைக்கும் பதில்: “தேதியெல்லாம் சரியா இருக்குல்ல சார்?”

அடுத்தது இறக்கைகளை எண்ணுதல். ஒன்று என்றால் பிளேரியோ என்றும், இரண்டு என்றால் ஃபார்மன் என்றும் எழுதிவிடுவது உலக வழக்கம். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அன்றோடு ஒற்றை இறக்கை விமானம் அனைத்தும் அவர் பெயருக்குப் பட்டா மாறிவிட்டன. அவர் கால்வாயைக் கடந்த பதினோராம் எண் விமானத்துக்கு உடலின் பின்பாதியில் துணி கிடையாது. மரச்சட்டமும் கம்பியும் எலும்புக்கூடாகத் தெரியும். இதைப் பார்க்க இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடிதான் யாரிடமும் இல்லை. பறவை போல இறக்கை பின்வளைந்திருந்தால் ‘டௌபே’, அதாவது புறா. ஆஸ்திரியாவின் இகோ எட்ரிச் உருவாக்கியதை ஜெர்மனியில் பல கம்பெனிகள் செய்தன. ஆகவே ஒரு படத்தைப் பார்த்து ‘இது டௌபே’ என்பது ‘இது இட்லி’ என்பதற்குச் சமம். யார் வீட்டு இட்லி என்பதே கேள்வி.

இரட்டை இறக்கையில் குழப்பம் குடும்பச் சொத்து. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்றி பெக்கே தபால் பை கொண்டுசென்ற விமானம் ஹம்பர்-சோமர். பார்த்தவுடன் ஃபார்மன் என்று சொல்லத் தோன்றும். சொன்னவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ரோஜர் சோமர் ஃபார்மன் விமானத்தில் பறந்து பழகி, பிறகு அதே சாயலில் சொந்தமாகச் செய்தவர். பிரிஸ்டல் கம்பெனியின் பாக்ஸ்கைட்டும் அதே சாயல்தான். ஏழு இறக்கைகள் அடுக்கி வைத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தால் அது அமெரிக்கரான கெர்ஹார்ட்டின் மிதி விமானம், ஆண்டு 1923. ரைட் சகோதரர்களுக்கு முன் நடந்த கோமாளித்தனம் என்று அதைக் காட்டுவோருக்கு இருபது ஆண்டு ஒரு பொருட்டன்று. இவற்றில் சந்தேகம் மிஞ்சினால் தீர்த்துவைப்பது வால். அது கடைசியில் வரும்.

எஞ்சின் நல்ல அடையாளம். மூன்று சிலிண்டர் விசிறி போல விரிந்திருந்தால் பெரும்பாலும் அன்சானி. ஏழு சிலிண்டர் வட்டமாக நின்றால் பெரும்பாலும் நோம். இந்த நோம், காற்றாடியோடு சேர்ந்து தானும் சுழலும், மசகுக்கு விளக்கெண்ணெய். சுழலும்போது அதை விமானியின் மேல் அபிஷேகம் செய்யும். இறங்கி வந்த விமானியின் முகம் படத்தில் பளபளத்தால் அது பெருமிதம் அன்று.

ஆனால் எஞ்சினைப் பார்க்க முடியாது. அதன் முன்னால் ஒருவர் நிற்பார். கறுப்புக் கோட்டு, மீசை, தொப்பி. அவர் விமானி அல்லர், விமானத்தைச் செய்தவரும் அல்லர். இடத்திலும் வலத்திலும் இறக்கை நீளத்துக்கு இடம் காலியாகக் கிடக்க, எஞ்சினுக்கு நேர் முன்னால்தான் அவருக்கு நிற்க வரும். ஒல்லியானவர் என்றால் துணைக்கு மைத்துனர். அப்படியும் ஒரு சிலிண்டர் தெரிந்துவிட்டால் மைத்துனரின் மனைவி. 1910 வாக்கில் மேல்நாட்டுப் பெண்கள் அணிந்த தொப்பி தன்னளவில் ஓர் இறக்கை. சக்கரத்தை அவர் பாவாடை பார்த்துக்கொள்ளும். மிஞ்சும் அச்சின் முன்னால் நாய் உட்காரும். கல்யாண வீடியோவில் மணமக்களை மறைத்து நிற்கும் பெரியப்பாவாவது மொய் எழுதியவர். இந்த மீசைக்காரர் என்ன எழுதினார்? போலீஸ்காரர் ஒருவர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் கூட்டத்தை விலக்குவார். விலக்கிக் கிடைத்த இடத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரே நிற்பார்.

மறைக்காமல் நின்றவர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் வில்பர் ரைட். தம்பி ஆர்வில் தரையை விட்டு எழும்பிய அந்த முதல் படத்தில் அவர் வலப்புறம் ஒதுங்கி நிற்கிறார். நாகரிகம் அங்கேயே முடிந்தது. மற்றொரு விதிவிலக்கு, பிளேரியோவுக்கு ஆறு நாள் முன்னால் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டு, எஞ்சின் நின்று கடலில் இறங்கிய ஹூபர்ட் லாத்தமின் அந்துவானெத் விமானம். அது தண்ணீரில் மிதந்ததால் முன்னால் நிற்க மைத்துனருக்கு வழியில்லை.

நிறத்தை நம்பலாகாது. அக்காலத் தகடுகளில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கவும் கூடும். அதைக் கண்டுபிடிக்க ஆண்களின் கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மீசைக்காரரால் உண்டாகும் ஒரே நன்மை இதுதான்.

இனி வால். காலண்டரில் உள்ள விமானத்தின் உடல் படகு போல ஒடுங்கியிருக்கிறது. எனவே அது அந்துவானெத்தாக இருக்கலாம். அல்லது படகுப் பந்தயக்காரராகவும் இருந்த ரெனே ஹான்ரியோவின் விமானமாக இருக்கலாம். எஞ்சினைப் பார்த்தால் தெரியும். முன்னால் மூன்று பேர். வாலைப் பார்த்தால் தெரியும். அது இருக்க வேண்டிய இடத்தில் ராகு காலம், எமகண்டம், குளிகை என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். திங்கள் 7.30–9 என்பதன் பின்னால் ஏதோ முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டம் போடாத மூலப்படம் கிடைக்குமா என்று கடையில் கேட்டாயிற்று. இல்லையாம். அடுத்த ஆண்டு முருகன் படமாம். தோகையின் மேல் ராகு காலம் வரும்.