ரப்பர் வளையம் செய்த வேலை

ஜாசின், மலாக்கா

அன்புள்ள மாமாவுக்கு,

மலேசியாக்காரன் சொகுசாக இருக்கிறான் என்று ஊரில் பேச்சாமே. கேளுங்கள்.

எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஒரு பழைய டொயோட்டா லைட்ஏஸ் வேன், 5கே எஞ்சின். முதலாளி அதை விற்கவும் மாட்டார், நல்லபடியாகப் பார்க்கவும் மாட்டார். மாசி மகத்துக்கு மலாக்கா பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து ரதம் செங்குக்குப் புறப்படும். 1781-ல் மலாக்கா செட்டிகள் கட்டிய கோயில் அது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் அன்னதானம். அண்டாக்களை ஏற்றிப்போவது நம் வேன். முந்தின நாள் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் எண்ணெய் ஒழுகுகிறது. ரப்பர் வளையம் காய்ந்துவிட்டதாம். 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மாநிலத்தில், ஒரு ரப்பர் வளையத்துக்கு இந்தப் பாடு!

முன் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சினே தெரியும். போமன் (மெக்கானிக்) பையன் கெட்டிக்காரன். கேப்பைக் கழற்றி, ரோட்டர் பார்க்கும் திசைக்கும் பாடி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுத்தான் டிஸ்ட்ரிபியூட்டரை உருவினான். வளையம் வாங்க அவன் போன நேரம், முதலாளியின் மைத்துனர் வந்தார். "வண்டி ஓடுதா லா?" என்று சாவியைத் திருகிவிட்டார். எஞ்சின் சுற்றியது, கோடெல்லாம் வீண். (மைத்துனன் என்றாலே இப்படித்தான் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.)

அப்புறம் தேத்தண்ணி குடிக்க வந்தவரெல்லாம் போமன்தான். ஆளுக்கொரு யோசனை சொல்லி மாட்டினார்கள். ஸ்டார்ட் செய்ததும் கார்புரேட்டர் வழியாக டுமீல்! சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனத் தாத்தா இலையை விட்டு எழுந்தே போய்விட்டார்.

கடைசியில் ஆசஹான் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்ந்த பெரியவர்தான் காப்பாற்றினார். ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றச் சொல்லி, துவாரத்தில் என் கட்டைவிரலை வைத்தார். பையன் ஸ்பேனர் போட்டு கிராங்க் புல்லியைச் சுற்றினான். குறி நேராக வந்தது, விரலில் காற்றே இல்லை.

"தப்பு சுத்து தம்பி. கிராங்க் ரெண்டு சுத்தினாதான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்னு சுத்தும்."

அடுத்த சுற்றில் விரலை முட்டித் தள்ளியது காற்று. பல் சாய்வாக இருப்பதால் இறக்கும்போது ரோட்டர் தானாகத் திரும்புமாம். அதற்கு முன்கூட்டியே இடம் விட்டு, அடியில் எண்ணெய் பம்ப் காடியையும் ஸ்க்ரூடிரைவரால் திருப்பி வைத்து இறக்கினார். வயர்களை வரிசைப்படி மாட்டினார். காதாலேயே டைமிங் வைத்தார். டைமிங் லைட் வைத்திருந்த பையன் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் சாம்பார் சூட்டோடு செங் போய்ச் சேர்ந்தது. பந்தியில் மைத்துனர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "முதல்ல சாவி போட்டுப் பார்த்ததே நான்தான்."

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்