இப்ப நல்லாத்தான் விழும்

பழைய கார் வைத்திருப்பவர்களில், துடைத்துப் பாலிஷ் போட்டுக் கண்காட்சியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னொரு ரகம் இருக்கிறது. ‘வண்டி எப்படி சார் ஓடுது?’ என்று கேட்டால், ‘ஓடுது... ஆனா சில நேரம் கியர் விழ மாட்டேங்குது’ என்பார். அந்தச் ‘சில நேர’த்துக்குள் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள், சேமிப்பு, மனைவியின் பொறுமை எல்லாம் அடக்கம்.

சென்னையில் இவரை அடையாளம் காண்பது சுலபம். விடுமுறை நாள் காலையில், மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு மரத்தடியில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் முன் டயர்மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். டயர்மேல் எப்படி உட்கார முடியும் என்று கேட்பவர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்ததில்லை. அந்தக் காரில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் அம்மணமாக நிற்கும். டயர் வெளியே தெரியும். காபி டம்ளரை பேட்டரிமேல் வைத்துவிட்டு டயர்மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொள்ளலாம்.

‘என்ன ரிப்பேர்?’ என்று நின்று கேட்கிற வழிப்போக்கருக்கு முதலில் ரிப்பேர் கிடைக்காது, வரலாறுதான் கிடைக்கும். இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி போட்ட டிசைன். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு. 1961-லிருந்து நம்ம வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. எஞ்சின். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். ‘ஜெமினி ஃப்ளைஓவர் 1973-ல வந்தது. என் வண்டி அதுக்கு முன்னாடியே இந்த ரோட்ல ஓடினது’ என்பார். ஓடியது உண்மைதான். இப்போது அந்த ஃப்ளைஓவரில் ஏறும்போதுதான் நிற்கிறது.

நிற்கிறது என்றால் எப்போதும் நிற்காது. அங்கேதான் இவருடைய வாழ்க்கையே சிக்கிக்கொண்டிருக்கிறது. ஒரேயடியாகப் போன கிளட்சை யாரும் சரி செய்துவிடலாம். சில நேரம் போய்ச் சில நேரம் வருகிற கிளட்சுக்கு முதலில் சாட்சி வேண்டும். காலை ஆறு மணிக்கு வெண்ணெயாக விழுகிற ரிவர்ஸ், பகல் பன்னிரண்டுக்குத் திருவான்மியூர் சிக்னலில் கறகறவென்று பல்லைக் கடிக்கும். பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கும். எஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் சமர்த்தாக விழும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் விழாது. பெடலை நாலு மிதி மிதித்தால் மறுபடி விழும். புதுப்பேட்டை மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது ஒன்றுமே இருக்காது.

மெக்கானிக் ஏறி உட்காருவார். ‘டப்’பென்று கிளட்சை மிதிப்பார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ரிவர்ஸ். எல்லாம் விழும்.

“நல்லாத்தானே இருக்கு சார்?”

“இப்ப நல்லாத்தான் விழும் பாய். நீங்க இருக்கீங்கல்ல.”

பாய் அவரை ஒரு பார்வை பார்ப்பார். கிளட்சைப் பற்றிய பார்வை அல்ல அது.

அன்றிலிருந்து நம்மவர் ஆதாரம் சேர்க்கத் தொடங்குகிறார். டேஷ்போர்டில் ஒரு நோட்டு. ‘கோட்டூர்புரம் பாலம். மாலை. ரிவர்ஸ் கடித்தது. பம்ப் செய்ததும் விழுந்தது. ஆயில் லெவல் குறையவில்லை. வெயில் அதிகம்.’ வீட்டுக் கணக்கு நோட்டு இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை என்று வீட்டம்மா சொல்வதில் நியாயம் உண்டு. நோட்டு போதாதென்று செல்போனில் வீடியோ எடுப்பார். வீடியோவில் ஒரு முழங்காலும் கறகற சத்தமும் இருக்கும். பார்க்கிற எவருக்கும் அது மிக்ஸி சத்தமாகத்தான் கேட்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆசாமிக்கு விஷயம் தெரியும். கல்யாணப் பந்தியில் இவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் நமக்கும் தெரிந்துவிடும். இலையிலிருந்த ஜாங்கிரியை நிமிர்த்தி, ‘இது ஃப்ளைவீல்’ என்பார். அதன்மேல் அப்பளம், கிளட்ச் பிளேட். அதற்குமேல் பிரஷர் பிளேட்டுக்கு இன்னொரு ஜாங்கிரி வேண்டும்; அது நம் இலையிலிருந்து போகும். ‘பெடலை மிதிச்சா மேல் ஜாங்கிரி விலகணும். அப்பளம் ஃப்ரீயா நிக்கணும். முழுசா விலகலேன்னா அப்பளம் கூடவே சுத்தும். அப்பளம் சுத்தினா கியர் பாக்ஸ் உள்ளே பல்லும் சுத்தும். சுத்தற பல்லுல ரிவர்ஸைக் கொண்டுபோய் விட்டா?’ அப்பளம் நொறுங்கும். ரசம் ஊற்ற வந்த பையன் மூன்றாவது தடவையாக நம்மைத் தாண்டிப் போவான்.

அதே மூச்சில், இன்னொன்றையும் கோளாறு என்று நினைத்துவிடாதே என்று எச்சரிப்பார். ஹெரால்டில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகு போட வேண்டும். உருளும்போது போடுவதென்றால் அந்தக் காலத்து லாரி டிரைவரின் டபுள் கிளட்ச் வேண்டும். அது கடித்தால் அது பிறவிக் குணம். நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, பெடலை மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸ் பேரிங். மிதித்ததும்தான் இரைச்சல் கிளம்புகிறது என்றால் ரிலீஸ் பேரிங். இதையெல்லாம் பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். ஒன்றுகூடத் தப்பில்லை.

ஆனால் பாய் மிதித்தால் விழுகிற கியர் இவர் மிதித்தால் ஏன் விழவில்லை? என் ஊகம், இவருடைய பாசம்தான் காரணம். வண்டிக்கு வலிக்குமோ என்று பெடலை மெதுவாக, பாதத்தால் தடவுவதுபோல் அழுத்துவார். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் வாஷரின் உதடு தேய்ந்திருந்தால், மெதுவாக மிதிக்கும்போது பிரேக் ஆயில் அந்த உதட்டைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, டப்பாவில் லெவலும் குறையாது. சிக்னலில் காலை வைத்துக்கொண்டே நின்றால் பெடல் தானாகக் கீழே இறங்கும். ‘டப்’பென்று ஓங்கி மிதித்தால் உதடு விரிந்து ஒட்டிக்கொள்ளும், கிளட்ச் வேலை செய்யும். பாய்க்கு வண்டிமேல் பாசம் கிடையாது. அதனால் அவருக்குக் கோளாறும் கிடையாது.

இதை அவரிடம் சொன்னேன். ‘தெரியும்’ என்றார். மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றியாகிவிட்டது. பிறகு ஸ்லேவ் சிலிண்டர் கிட். பிறகு உள்ளுக்குள் ஊதிப் போயிருக்குமோ என்று ரப்பர் ஹோஸ். பிறகு பெடலையும் சிலிண்டரையும் இணைக்கிற பின். அதன் ஓட்டை வட்டத்திலிருந்து முட்டையாகியிருந்தது, பெடலின் பாதி மிதி அந்த முட்டைக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் மாற்றியதும் ஒரு வாரம் வண்டி தேவலை. அந்த வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை குடும்பத்தோடு வெற்றி ஊர்வலம். ஊர்வலத்தில் வீட்டம்மாவுக்கு ஒரு பொறுப்பு உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அதைக் கழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

“ஏங்க, கை வலிக்குது.”

“கோவளம் வரைக்கும் பிடிச்சுக்கோ. அப்புறம் நாலாவதுலயே போயிடலாம்.”

கியர் கழல்வதைப் பற்றி இவர் கவலைப்படுவதில்லை. அதற்குச் சாட்சி கூடவே உட்கார்ந்திருக்கிறது.

ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகளில் இவரைத் தெரியாதவர் இல்லை. ‘அம்பாசிடருக்கு இருக்கு சார், தரவா?’ என்று புதிதாக வேலைக்கு வந்த பையன் கேட்டுவிட்டால் அன்று முழுக்க முகம் சரியாக இருக்காது. கியர் ஆயில் விஷயத்தில் இன்னொரு ஹெரால்டுக்காரரோடு பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. ஜி.எல். 5 ஆயில் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரித்துவிடும், ஜி.எல். 4-தான் ஊற்ற வேண்டும் என்பது இவர் கட்சி. அவர் எதிர்க்கட்சி. இருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் இருவரும் போனார்கள், மொய் எழுதினார்கள், பேசவில்லை.

எல்லாச் சோதனையும் செய்கிற இவர் செய்யாத சோதனை ஒன்றே ஒன்று. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கிளட்சை மிதிக்கும்போது அந்த அழுத்தம் கிராங்க் ஷாஃப்டை முன்பக்கமாகத் தள்ளும். அதைத் தாங்கிப் பிடிக்கப் பிறைநிலா வடிவத்தில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் உண்டு. அவை தேய்ந்தால் பெடலின் மிதியில் ஒரு பங்கு கிராங்கை நகர்த்தவே செலவாகிவிடும். கிளட்ச் முழுசாக விலகாது. தேய்ந்ததோடு இருந்தால் எஞ்சினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி மாற்றிவிடலாம். வாஷர் கழன்று சம்ப்புக்குள் விழுந்திருந்தால், இரும்போடு இரும்பு உரசி, கிராங்க், பிளாக் என்று செலவு மேலே ஏறிப்போகும். சோதிக்க ஸ்பேனர்கூட வேண்டாம். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் எஞ்சின் முன்னால் இருக்கிற புல்லியைப் பார்த்தால் போதும். நகர்வது கண்ணுக்குத் தெரிந்தாலே ஆபத்து.

புல்லி எங்கே இருக்கிறது? இவர் உட்காருகிற டயருக்குப் பக்கத்தில், முழங்காலுக்கு நேர் எதிரே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாரா வாரம் சோறு பிசைகிறவர் இவர்தான். பெடல் மிதிக்கச் சொல்லி யாரையாவது ஏற்றிவிடுவார்; ஸ்லேவ் சிலிண்டரைப் பார்ப்பார், ஹோஸைத் தடவுவார், டப்பாவுக்குள் டார்ச் அடிப்பார். புல்லியின்மேல்தான் காபி டம்ளரின் மூடியோ துடைக்கிற துணியோ எப்போதும் கிடக்கும்.

சென்ற ஞாயிறு மிதிக்க வந்தவன் எதிர்வீட்டுப் பையனின் சிநேகிதன், ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படிக்கிறவன். மிதித்து மிதித்துக் கால் வலித்து, எதிர்வீட்டுப் பையனை ஏற்றிவிட்டு இவன் இறங்கி முன்னால் வந்து நின்றான். துணியை எடுத்து ஓரமாக வைத்தான்.

“அங்கிள், பெடல் மிதிக்கும்போது புல்லி முன்னாடி வருதே?”

நம்மவர் டார்ச்சை அணைத்தார். துணியை எடுத்து உதறி, மடித்து, பழைய இடத்திலேயே போட்டார்.

“அது எல்லா ஹெரால்டுலயும் கொஞ்சம் வரும் தம்பி. நீ ஏறி உட்காரு. மெதுவா மிதி. நான் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கறேன்.”