தேருக்கு முன் அனுமதி, கம்பிக்கு விதிவிலக்கு

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். கையை நீட்டி உறுதிமொழி, ஒரு மணி நேர வகுப்பு, டீ, சமோசா, குரூப் போட்டோ. விபத்துகளும் அந்தப் போட்டோவைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்று நம்புகிறோம்.

எண்ணெய்க் கிணறு, ரசாயன ஆலை, அணுமின் நிலையம் போன்ற இடங்களுக்கென்றே பாதுகாப்புப் பொறியியல் படிப்பு இருக்கிறது. அதன் அரிச்சுவடி இது: ஆபத்தை அகற்று, முடியாதா, ஆபத்து குறைந்ததை வை, அதுவும் முடியாதா, தடுப்புப் போடு, அப்புறம் எச்சரிக்கைப் பலகை, கடைசியில்தான் ஆளுக்குப் பயிற்சி. மனுஷன் தவறத்தான் செய்வான், தவறினாலும் சாகக்கூடாது என்பதற்காக வைத்த வரிசை. நாம் கடைசியில் ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொள்கிறோம்.

1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகம். யாகசாலைப் பந்தலில் தீ. வாசலை நோக்கி ஓடிய நெரிசலில், நெருப்பில், நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். கூட்டம் இருக்கும் இடத்தில் கீற்று ஆகாது, வெளியேற வழி தாராளமாக வேண்டும் என்பது பாடம். அது நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கும்பகோணம் போய்ச் சேர ஏழு வருஷம் போதவில்லை. 2004 ஜூலை 16, காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். சமையல் கூடத்தில் கிளம்பிய தீ மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள். அந்தக் கட்டடத்துக்கும் 'சரி' என்று சான்றிதழ் இருந்தது. வழக்கு பத்து வருஷம் நடந்து, 2014-ல் தீர்ப்பு வந்தபோது 21 பேரில் 11 பேர் விடுதலை.

2017 ஜூன் 30, கதிராமங்கலம். வயலில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கொட்டியது. "கலெக்டர் வரட்டும்" என்று ஊர் உட்கார்ந்தது. வந்தது தடியடி. கசிந்தது குழாய், ஜெயிலுக்குப் போனவர்கள் ஊர்க்காரர்களும், அவர்களோடு போராட்டத்தில் நின்ற பேராசிரியர் ஜெயராமனும். கசிவைக் கண்டு முதலில் சத்தம் போடுகிறவனைவிட நல்ல அபாய மணி எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. அதைத்தான் லத்தியால் அடித்து நிறுத்தினார்கள்.

2022 ஏப்ரல் 27, களிமேடு, அப்பர் சதய விழா. ரோடு போட்டுப் போட்டுத் தெரு மேடேறிவிட்டது, கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது என்றார்கள் ஊரார். விடியுமுன் திருப்பத்தில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டது. 11 பேர். உடனே அரசின் விளக்கம் வந்தது: அது தேர் இல்லை, சப்பரம், முன் அனுமதி வாங்கவில்லை, கோயில் அறநிலையத் துறையுடையதும் இல்லை. இந்த விவரங்களை மின்சாரத்துக்கு முதல் நாளே தெரிவித்திருந்தால் அது பாயாமல் இருந்திருக்கும்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் விசாரணை, நிவாரணம், விழிப்புணர்வு முகாம். முகாமில் உட்காரவைப்பது யாரை? பிள்ளையைப் பறிகொடுத்த தெருவை, தேர் இழுத்த கையை, எண்ணெய் மிதித்த காலை. பாதுகாப்பு அவர்களுக்குத் தெரியாதாம்.

பயிற்சி வேண்டாம் என்று யார் சொன்னது? பேனா வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். ஏசி ஹால் வேண்டாம். 'சரி' என்று எந்த மாடிக்குக் கையெழுத்துப் போட்டாரோ, அந்த மாடியில் அவர் பேரப்பிள்ளை ஒரு வருஷம் படிக்கட்டும். பிறகு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.