மூணரை ரூபாய் மிராசு

வா மாப்ளே, உக்காரு. கொழும்புக்குப் போறியாமே? நம்ம ஒத்த ரூபாயை நீட்டினா அங்க மூணரை ரூபா எண்ணித் தாரானாம், பத்தாயிரத்தோட ஏறுனா முப்பத்தஞ்சாயிரத்தோட எறங்கலாம்னு டீக்கடையில கணக்குப் போட்டியாமே. நல்லது. அப்படியே ஜப்பானுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு. அவனும் நம்ம ரூபாய்க்கு ஒண்ணரை யென்னுக்கு மேல தாரான். பாவம், ஏழை நாடு. காரு செஞ்சு வித்துப் பொழைக்கிறான். நீ போயி ஏதாவது தர்மம் பண்ணிட்டு வா.

சிரிக்காதப்பு. வெவரத்தைக் கேளு. வெள்ளைக்காரன் காலத்துல இலங்கையிலயும் இங்கயும் ஒரே ரூபாய்தான். 1872-ல இருந்து நம்ம வெள்ளி ரூபாய்தான் அங்கயும் சட்டப்படி செல்லுற காசு. அப்புறம் அவங்க தனியா நோட்டு அடிச்சாங்க, 1950-ல தனியா மத்திய வங்கியும் வச்சாங்க. ஆனா மதிப்பு மட்டும் மாறல. 1949-ல இங்கிலாந்துப் பவுன் சரிஞ்சப்போ ரெண்டு ரூபாயும் கூடவே சரிஞ்சு, டாலருக்கு 4.76-னு ஒரே எடத்துல போயி நின்னுச்சு. தலைமன்னார்ல கப்பலேறி தனுஷ்கோடியில எறங்குறவனுக்கு வாய்ப்பாடே வேண்டாம். அங்க நூறுன்னா இங்கயும் நூறு.

வந்துச்சு பாரு 1966 ஜூன் 6. டெல்லியில ஒரே அறிவிப்பு. டாலருக்கு 4.76-ஆ இருந்தது 7.50 ஆயிருச்சு. அடுத்தடுத்து ரெண்டு போரு, மழையில்லாத வருசம், வெளிநாட்டுக் கடன்காரங்க நெருக்குதல், எல்லாம் சேந்து அமுக்கிருச்சு. காமராசரு கட்சித் தலைவரு, அவருக்கே அது புடிக்கல. இலங்கைக்காரன் என்ன செஞ்சான்? ஒண்ணும் செய்யல, சும்மா இருந்தான். சும்மா இருந்தே பெரியாளாயிட்டான்! முந்தின நாள் நூத்துக்கு நூறு. மறுநாள் அவன் நூறு ரூபாய்க்கு நம்மது 157 ரூபா அம்பது காசு. நீ இப்ப டீக்கடையில பேசுற பேச்சை அன்னைக்கு அவன் பேசியிருக்கலாம். நம்ம கரையில துணி, சாரம் எல்லாம் அவனுக்குத் திடீர்னு மலிவாப் போச்சு. ராத்திரியில தோணி போச்சா, யாரு தள்ளுனான்னு என்னைக் கேக்காதே. எனக்கு அப்பவே கண்பார்வை மட்டு.

அந்த மிதப்பும் ஒண்ணரை வருசந்தான். 1967 நவம்பர்ல பவுனு மறுபடி சரிய, இலங்கையும் தன் ரூபாயை எறக்கிக்கிச்சு. 157-ஆ இருந்தது 126 ஆச்சு. 1977 நவம்பர்ல ஜெயவர்த்தனா அரசாங்கம் கட்டை அவுத்து விட்டுச்சு. டாலருக்கு 16. நம்மது அப்ப எட்டரைக்குப் பக்கம். ஆக நம்ம ஒத்த ரூபாய்க்கு அவங்க ரெண்டு ரூபாய்க்குக் கிட்ட. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல மலைநாட்டுல இருந்து ஊரு திரும்புன சனம் இருக்கே, அதுல இதுக்கப்புறம் கெளம்புனவன் தேயிலை கிள்ளிச் சேத்த நூறை நம்ம காசாக் கணக்குப் பாத்தா அம்பதுக்குக் கொஞ்சம் மேல. அவன் ஒழைப்புல எந்தக் கொறையும் இல்ல. பாவம், அவன் தேதிதான் தப்பு.

இப்ப ஒன் மீசையைக் கொஞ்சம் எறக்கிக்க. 1990-ல நம்ம ரூபாய்க்கு அவங்க ரெண்டேகால் ரூபா. 1991-ல நாம தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வச்சோம், ஜூலை மொத வாரத்துல ரெண்டு தடவை ரூபாயை எறக்கினோம். 1993-ல அதே ஒத்த ரூபாய்க்கு ஒண்ணரை சொச்சந்தான். அங்க சண்டை நடந்துக்கிட்டிருந்த காலம்டா அது! சண்டைக்காரன் ரூபாய்க்கு முன்னாலயே நம்ம ரூபாய் வழுக்கி விழுந்துச்சு. அதை யாராவது டீக்கடையில சொன்னாங்களா?

கடைசியா 2022. மார்ச் மாசம் அவங்க மத்திய வங்கி புடிச்சிருந்த கயித்தை விட்டுச்சு. 203-ஆ இருந்த டாலரு ரெண்டே மாசத்துல 360-ஐ எட்டுச்சு. ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு கையை விரிச்சாங்க. செப்டம்பர்ல வெலைவாசி முந்தின வருசத்தைவிட எழுவது சதவீதத்துக்குக் கிட்ட ஏறிக் கெடந்துச்சு. நம்ம ரூபாய்க்கு நாலரைக்கு மேல கெடைச்ச நேரம் அதுதான். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் சனம் நாள்கணக்கா வரிசையில நின்ன நேரமும் அதுதான். நம்ம தமிழ்நாட்டுல இருந்து அரிசியும் பால்மாவும் கப்பல்ல போச்சு. ஒனக்குக் கூடுதலாத் தெரியிற ஒவ்வொரு ரூபாயும் அங்க ஒரு வீட்டு அடுப்புல எரிஞ்சது மாப்ளே. அதை எண்ணியா நெஞ்சை நிமுத்துறே?

அதனால ஒன் முப்பத்தஞ்சாயிரத்தை அங்க போயி வெலைப்பலகைக்கு முன்னால வச்சுப் பாரு. சோத்துப் பொட்டலமே நூத்துக்கணக்குல போகும். ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபான்னு கேக்காதே, ஒரு நேரத்துச் சோத்துக்கு எத்தனை ரூபான்னு கேளு. இன்னொண்ணு, அந்த நோட்டை எடுத்து நல்லாப் பாரு. இலங்கை மத்திய வங்கின்னு தமிழ்ல பளிச்சுன்னு போட்டிருப்பான். நம்ம நோட்டுல பதினஞ்சு மொழிக்கு நடுவுல நம்ம வரியைத் தேட எனக்குக் கண்ணாடி வேணும். யாரு ரூபாய் பெருசுன்னு பேசுறவங்க இதைப் பேச மாட்டாங்க.

அப்புறம், காசு மாத்துற எடத்துல பலகையில ரெண்டு எண்ணு இருக்கும். வாங்குற வெலை ஒண்ணு, விக்கிற வெலை ஒண்ணு. நடுவுல இருக்கிறது அவன் பொழைப்பு. போறப்போ ஒருக்கா கடிப்பான், மிச்சத்தைத் திருப்பி மாத்துறப்போ இன்னொருக்கா கடிப்பான். தேவைக்கு மட்டும் மாத்து.

வரும்போது எனக்கு நுவரெலியாத் தேயிலை ஒரு டப்பா வாங்கிட்டு வா. வெலையை அந்த ஊரு ரூபாயிலேயே சொல்லு, மூணரையால வகுத்து நம்ம காசாத் தந்துர்றேன். நடுவுல மாத்துக்கடைக்காரன் கடிச்சது ஒன் கணக்கு.