இரட்டையரும் டிக்கியும்

கேள்வி: வீட்டில் இரட்டைக் குழந்தைகள். மாமனாரின் தேயிலைத் தோட்டம் கோத்தகிரியில். மழை பெய்தால் பாதை முழுக்கச் சேறு. இரண்டு பிராம் கொள்கிற மாதிரி ஃபோர் வீல் டிரைவ் எது வாங்கலாம்?
– புது அப்பா, கோவை

பதில்: வாழ்த்துகள்! வண்டி இனி பிராமுக்குத்தான். மிச்ச இடத்தில் நீங்கள் ஒண்டிக்கொள்ளலாம்.

ஜிம்னி மலையாடு மாதிரி ஏறும். ஆனால் டிக்கி 208 லிட்டர். பின்சீட்டை மடக்கினால் 332. அப்போது குழந்தைகளை மாமனாரா தூக்கிக்கொண்டு நடப்பார்? மூன்று கதவுத் தாரைத் திருமணத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஐந்து கதவு தார் ராக்ஸில் 644 லிட்டர் என்கிறது கம்பெனி. ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டும்தான். அதன் பின்கதவு ஸ்டெப்னியைச் சுமந்தபடி பக்கவாட்டில் திறக்கும். அபார்ட்மென்டில் சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தினீர்களோ, போச்சு! ஃபார்ச்சூனரில் மூன்றாவது வரிசை சீட்டுகள் இருபுறமும் மடங்கி நின்று அகலத்தைத் தின்னும். பணத்தைத் தின்பது தனிக்கதை.

லிட்டர் கணக்கை ரொம்ப நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி அளப்பது. பிராமோ மடக்கினாலும் ஒரு சக்கரத்தை நீட்டிக்கொண்டிருக்கும். எனவே இரண்டு பிராமையும் ஷோரூமுக்கே தள்ளிக்கொண்டு போங்கள். சேல்ஸ்மேன் இரண்டு கையாலும் அமுக்கிக் கதவைச் சாத்திக் காட்டுவார், அது செல்லாது. அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் நீங்கள் சாத்திப் பாருங்கள்.